ஓகே போடுகிறவர்

நாடி கார்டு வந்த புதிதில் எங்கள் பிரிவுக்கு வந்த புகார்களில் பாதிக்குக் காரணம் குங்குமம். வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தடவிப் பொட்டு வைத்தால்தானே நமக்கெல்லாம் திருப்தி? கட்டைவிரல் வைக்க வேண்டிய அந்தச் சின்னக் கண்ணாடி மேலேயே, இடம் பார்த்து, நடுவில் பொட்டு வைத்திருந்தார்கள். "ஈரத்துணியால துடைங்க சார், சரியாப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே என் முதல் வருஷம் போனது. அப்புறம் மருதாணி வைத்துக்கொண்ட கல்யாணப் பெண்கள் வந்தார்கள். அந்தப் புகார்களை இப்போது நினைத்தால் ஏக்கமாகக்கூட இருக்கிறது.

என் பெயர் செண்பகவல்லி. ஆபீசில் செம்பாக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. ஆன்லைனில் எதையாவது வாங்கக் கார்டை அழுத்தி, பணம் போகாமல் நின்றுவிட்டால் சனங்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுத் திட்டுவார்கள். திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, நான் வாங்கறது ஒரு மிக்ஸி. அதுக்கு எதுக்கு என் பையனுக்கு மெசேஜ் போகுது?" தாம்பரத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார் கேட்டார்.

"சார், நீங்க கட்டைவிரல் வெச்சப்போ நாடி படபடன்னு அடிச்சிருக்கு. விரல் வேர்த்திருக்கு, லேசா நடுங்கியிருக்கு. யாரோ மிரட்டி உங்களை வாங்க வைக்கிறாங்கன்னு கார்டு நினைச்சுக்கிச்சு. அதான் பணத்தை நிறுத்திட்டு உங்க ஒப்புதலாளரைக் கேக்குது."

"மிரட்டறதா? பக்கத்துல என் சம்சாரம்தான் நிக்கறா."

"அப்ப கார்டு மேல தப்பில்ல சார்."

நல்ல வேளை, மனுஷர் சிரித்துவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது. நல்லதுக்குத்தான் இந்தக் கார்டைக் கொண்டுவந்தார்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு உட்கார்ந்துகொண்டு, "உங்க பேர்ல கேஸ் இருக்கு, உடனே பணத்தை மாத்துங்க" என்று வயசானவர்களைக் கதிகலங்க வைத்து, பிராவிடன்ட் ஃபண்டையெல்லாம் சுருட்டிக்கொண்டு போனார்களே ஒரு கூட்டம், அவர்களுக்காகத்தான். அந்தக் காலத்தில் கார்டுக்கு நம்பர்தான் வேண்டும். பயத்தில் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். நாடி கார்டில் அது நடக்காது. பயந்துகொண்டே அழுத்தினால் சிவப்பு விழும், பணம் நிற்கும். கொஞ்சம் பதற்றம் என்றால் மஞ்சள், பணம் போய்விடும். நிதானமாக இருந்தால் பச்சை. திருட்டுப் பயல்கள் ஒரே வருஷத்தில் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் எங்களுக்கெல்லாம் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார்கள்.

சிக்கல் அந்த ஒப்புதலாளரில் இருந்தது. சனங்கள் வாயில் அது 'ஓகே போடுறவர்'. கார்டு கொடுக்கும்போது தெருத்தெருவாக முகாம் போட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் பயந்துபோனால் நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும்? பெண்கள் எல்லாரும் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்கள். ஆம்பளைகளில் பெரும்பாலோர் பெண்டாட்டி பெயரைச் சொன்னார்கள். எந்த விண்ணப்பத்தில் எதைக் கேட்டாலும் அப்படித்தானே எழுதிப் பழக்கம்? நானும் அப்படித்தான். எனக்கு அவர், அவருக்கு நான்.

ஆனால் என் கார்டு அன்றைக்குவரை ஒரு தடவைகூடச் சிவப்பு காட்டியதில்லை. ஆபீசில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் தணிகைவேல் தங்கமான மனுஷர். இருபத்தெட்டு வருஷத்தில் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. 'உன் இஷ்டம்' என்பதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

பொற்கொடி கூப்பிட்டது ஆடி பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்.

"ஏனுங்க்கா, கட்டைவிரலை மாத்தோணும்ங்க. இடது விரல்ல பதிஞ்சிருக்கு. வலதுக்கு மாத்திக் குடுக்க முடியுங்களா?"

பவானிப் பக்கத்துப் பேச்சு. முப்பது வயசுக் குரல். பின்னணியில் விசைத்தறி ஓடுகிற சத்தம் தடதடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"மாத்தலாம்மா. என்ன காரணம்னு போடட்டும்?"

"ஒரு வாரமா மாவுக்கட்டு போட்டிருக்குதுங்க. கட்டைவிரலையும் சேத்துக் கட்டிட்டாங்க."

"அடடா. விழுந்துட்டீங்களா?"

தறிச் சத்தம் மட்டும் வந்தது. நான் அவள் கணக்கைத் திறந்தேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட், ஈரோட்டிலிருந்து நாகர்கோவில், ஒருவழி. சிவப்பு. ஒப்புதலாளர் மகுடேஸ்வரன், கணவர், மறுத்துவிட்டார். அதற்கு மறுநாள் ஆன்லைன் மருந்துக்கடையில் வலி மாத்திரை. அதுவும் சிவப்பு. அதற்கு ஓகே கொடுத்திருந்தார்.

இந்த வேலையில் உட்கார்ந்தால் இதையெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுவோம். வேண்டாம் என்றாலும் கண் படித்துவிடும்.

"பொற்கொடி, கை எப்படி உடைஞ்சுது?"

"மெசேஜ் போச்சுங்கள்ல, அதைப் பாத்துட்டுத் தறியை நிறுத்திட்டு வந்துட்டாருங்க." எங்கோ மழை பெய்தது என்பதுபோலத்தான் சொன்னாள். "ரெண்டாவது தடவைங்க இந்தக் கை. அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? பயப்படாம அழுத்தறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா?"

எங்களுக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.' அதை எழுதியவன் எந்த ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஆனாலும் அதைத்தான் படித்தேன். வேறு என்ன செய்ய?

"புடிச்ச எடமுங்களா?" என்றாள். "நான் எங்கீங்க்கா போயிருக்கேன்?"

வலது கட்டைவிரலைப் பதிய ஒரு தடவையாவது பச்சை விழ வேண்டும். சோதனைக்காக அழுத்தச் சொன்னால் அந்த நிறம் என் திரையிலும் தெரியும், வேறு யாருக்கும் செய்தி போகாது. அழுத்தினாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. அவசரமில்லை, சும்மா பேசிக்கொண்டே அழுத்துங்கள் என்றேன். பேசினோம். நாகர்கோவிலில் யார் என்று கேட்டேன். ஷீபா என்று ஒருத்தி, நர்சிங் படிக்கப் பவானிப் பக்கம் வந்து இவள் வீட்டு மாடியில் தங்கியிருந்தவள். இப்போது அங்கே ஒரு பெண்கள் விடுதியை நடத்துகிறாள், அது இவள் வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். சமையலுக்கு ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு, வந்துவிடு என்று சொல்லியிருக்கிறாள். வந்து சேர்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம்.

"போலீஸ்ல சொல்லிப் பாத்தியாம்மா?"

"சொன்னேனுங்க. அவரையே கூப்பிட்டு உக்கார வெச்சு, சமாதானம் பண்ணி, ஒரே வண்டியில அனுப்பி வெச்சாங்க."

மஞ்சள். மறுபடி மஞ்சள். திடீரென்று பச்சை விழுந்தது. எனக்கே ஆச்சரியம்.

"இப்ப என்ன நெனைச்சே?"

"ஒண்ணும் நெனைக்கலீங்க்கா. தறிச் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன். அது ஓடற வரைக்கும் அவரு அங்கதான் இருப்பாருங்க."

வலது கட்டைவிரல் பதிந்துவிட்டது. அவள் இன்னும் போனை வைக்கவில்லை. ஓகே போடுகிறவரை மாற்ற முடியுமா என்று கேட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் டீம் லீடர் ஜெரால்டைப் பார்த்தேன். ஜெரால்டு நல்லவன். முப்பத்தைந்து வயதில் முக்கால்வாசித் தலை நரைத்தவன்.

"ஒப்புதலாளரை மாத்தணும்னா என்ன பண்ணணும் ஜெரால்டு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களேக்கா. இப்ப இருக்கற ஒப்புதலாளர் ஓகே போடணும்."

"அடிக்கறவனே அவன்தான்னா?"

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மேல எழுதிப் போட்டிருக்கேன்க்கா. ஒரு தடவையில்ல, எத்தனையோ தடவை. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வருது. அவங்களும் என்ன பண்ணுவாங்க? மாத்தறதைச் சுலபமாக்கிட்டா மிரட்டறவன் முதல்ல அதைத்தான் மாத்தச் சொல்லுவானாம். நியாயம்தான். தப்பு நம்ம சனங்க மேல. பயந்தா யாரைக் கூப்பிடணும்னு கேட்டதுக்கு, யாரைப் பார்த்தா பயமோ அவங்க பேரையே எழுதிக் குடுத்துட்டாங்க."

"என் கார்டுல எடுத்துக் குடுத்துடட்டுமா டிக்கெட்?"

"லாங் பஸ்ல காசு வாங்கறதில்ல, பேரும் கார்டும் ஒத்துப்போகணும்கா. ஏற விடமாட்டான். உங்க வேலையும் போயிடும். அந்தப் பொண்ணுகிட்ட வழி கிழி எதுவும் சொல்லிடாதீங்க. கால் ரெக்கார்டு ஆகுது."

எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. யார் மேல் என்றே தெரியாத எரிச்சல். சனியன் பிடித்த கார்டு என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினேன்.

"பொற்கொடி, அதை மாத்த அவர் ஓகே போடணுமாம்."

"சரிங்க்கா." அவள் ஏமாந்ததாகக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவர் எதுக்குமே ஓகே போடமாட்டாரா?"

"கோயிலுக்குன்னா போடுவாருங்க. அர்ச்சனை, அபிஷேகம், மாலை. அவரு பெரிய பக்திமானுங்க. வருஷா வருஷம் அம்மனுக்குக் கூழு ஊத்தறதே எங்க வீட்டுலதான்."

திரையின் மூலையில் ரெக்கார்டு ஆகிற சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அம்மன் கோயில் அம்மன் கோயிலாகப் போகிற வண்டிகள் ஆடி மாதத்தில் எத்தனை ஓடுகின்றன! சிவப்புச் சேலையும் மஞ்சள் பையுமாக, எங்கள் தெருவிலிருந்தே வருஷம் ஒரு வண்டி கிளம்பும். நான்தான் போனதில்லை.

"உனக்கு வழி சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா" என்றேன். "அது இருக்கட்டும். நான் இந்த ஆடிக்கு மண்டைக்காடு போகலாம்னு இருக்கேன். பகவதியம்மன். பொம்பளைங்க மட்டும் போற டூர் வண்டி, ஆன்லைன்ல புக் பண்ணணும். ஒவ்வொரு ஊர்லேருந்தும் கிளம்புது. மூணு நாள். மதுரை பார்த்துட்டு, நாகர்கோவில்ல ராத்தங்கல் போட்டு, காலைல மண்டைக்காடு, சாயங்காலம் கன்னியாகுமரி. கூட்டம்னா கூட்டம், யாரு ஏறினா யாரு இறங்கினான்னே தெரியாதாம்."



"நாகர்கோவில்லயே தங்குறாங்களாக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"நான் அழுத்துனாச் சிவப்பு வருமேங்க."

"வரட்டுமே" என்றேன். "சாமி காரியம்தானே."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. "நல்லபடியாப் போயிட்டு வாங்க்கா" என்றாள். நான் "வரேம்மா" என்றேன். எங்கே போகப்போகிறேன் நான்!

இரண்டு நாள் கழித்து அவள் கணக்கைத் திறந்தேன். விரல் மாற்றினால் ஒரு மாதம் கண்காணிக்க வேண்டும் என்பது விதி, அதனால் அதில் குற்றமில்லை. பவானியிலிருந்து அம்மன் தரிசன மகளிர் சுற்றுலா, ஒரு நபர். நாகர்கோவில் என்ற பெயரே அதில் இல்லை. சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை, அளவுகோலின் உச்சியைத் தொட்டிருந்தது. ஒப்புதலாளருக்குச் செய்தி போயிருந்தது. உடனே ஓகே வந்திருந்தது. மகுடேஸ்வரன் குறிப்பு எழுதுகிற இடத்தில் 'அம்மன் துணை' என்றும் போட்டிருந்தான். நான் டீக்கடைக்குப் போய், எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்பதையும் மறந்து ஒரு பாதுஷா வாங்கித் தின்றேன்.

வண்டி கிளம்புகிற நாள் வந்தது, போனது. நாகர்கோவிலில் ராத்தங்கல் முடிந்த மறுநாள், பஸ் பிடித்து ஆபீஸ் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தலையில் அடித்துக்கொண்டேன்.

கார்டு அவளிடம்தான் இருக்கிறது. ஓகே போடுகிறவன் இன்னமும் அவன்தான். புது ஊரில், யாரும் தெரியாத இடத்தில், எந்த நேரம் அவன் வந்து நிற்பானோ என்ற நடுக்கத்தில் ஒரு சோப்பு வாங்கக் கட்டைவிரலை வைப்பாள். சிவப்பு விழும். 'உங்கள் துணைவியார் நாகர்கோவிலில் இன்ன தெருவுக்கு ஒரு சோப்பு வரவழைக்கிறார், அச்சம் தென்படுகிறது, அனுமதிக்கவா' என்று கார்டே அவனுக்கு விலாசத்தைப் படித்துச் சொல்லிவிடும். பெரிய புத்திசாலி மாதிரி வழி சொல்லி அனுப்பினேனே, இதைச் சொல்லவில்லையே! அவளுடைய பழைய நம்பர் அணைந்திருந்தது. புது நம்பர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், இனிமேல் பயப்படாதே என்று ஒருத்திக்கு எப்படிச் சொல்வது? பயப்படாதே என்று சொன்னால் பயம் போகுமா?

அதன்பிறகு தினமும் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலை அவள் கணக்கைத் திறப்பதுதான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "என்னமோ மாதிரி இருக்கியே" என்று தணிகைவேல் கேட்டார். "வேலை ஜாஸ்தி" என்றேன். "உன் இஷ்டம்" என்றார், எதற்கு அந்தப் பதில் என்று தெரியவில்லை.

நாலைந்து நாள் ஒன்றுமே வாங்கவில்லை. அப்புறம் ஒரு காலை, நாகர்கோவிலிலிருந்து ஒரு குளியல் சோப்பும் ஒரு சீப்பும். நிறத்தைப் பார்த்தேன். மஞ்சள். சிவப்புக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றிருந்தது. மஞ்சள் என்றால் பணம் போய்விடும், யாருக்கும் செய்தி போகாது. நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். ஜெரால்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஏன் எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை.

அடுத்து ஒரு நைட்டி. மஞ்சள். அடுத்து ஒரு ஜோடிச் செருப்பு. பச்சை.

அவ்வளவுதான், அதன்பிறகு எல்லாம் பச்சை. டவுன் பஸ் பாஸ், பச்சை. சுடிதார், பச்சை. நேந்திரங்காய் சிப்ஸ், பச்சை. ஒரு நாள் கண்ணாடி வளையல் வாங்கியிருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி முடிகிற வாரத்தில் அவன் கூப்பிட்டான்.

"வணக்கமுங்க மேடம். மகுடேஸ்வரன்ங்க, பவானியிலிருந்து பேசறனுங்க." என்ன மரியாதை, என்ன பணிவு! நேரில் பார்த்தால் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிற மனுஷன் என்றுதான் நினைப்போம். "எங்க சம்சாரம் கோயிலுக்குப் போன எடத்துல காணாமப் போயிடுச்சுங்க. கார்டு அதுகிட்டத்தான் இருக்குதுங்க. எங்க பொழங்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா பெரிய உபகாரமா இருக்குமுங்க."

"நீங்க ஒப்புதலாளர்தானே சார். நிறுத்தி வெச்ச பேமென்ட் எதாவது இருந்தா அதோட விவரம் உங்களுக்கே மெசேஜ்ல வரும். வேற எதையும் நாங்க சொல்லக் கூடாது."

"அதான் மேடம் பிரச்னை. மெசேஜே வரலீங்க. அது பயந்த சுபாவமுங்க. ஒரு ஊதுவத்தி வாங்குனாக்கூட எனக்கு மெசேஜ் வந்துருமுங்க. மாசக் கணக்குல பாத்தீங்கன்னா தெரியும். இப்ப ஒண்ணுமே வரலீங்க. கார்டு கெட்டுப் போயிடுச்சுங்களா?"

அவள் கணக்கு என் முன்னால் திறந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை பச்சைப் பசேல் என்றிருந்தது. இந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்குப் பதில் சொல்ல எனக்கு இவ்வளவு ஆசையாக இருந்ததில்லை.

"கார்டு நல்லாத்தான் வேலை செய்யுது சார்."

"அப்பறம் ஏனுங்க மெசேஜ் வரல?"

"அவங்க பயப்படலை சார். அதான் வரலை."

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அவளா?" என்றான். மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் கிளம்பும்போது ஜெரால்டு லிஃப்ட் வாசலில் நின்றான். பொற்கொடியோடு நான் பேசிய ரெக்கார்டையும் கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. எல்லா ரெக்கார்டையும் கேட்பதுதான் அவன் வேலை.

"செம்பாக்கா, மண்டைக்காட்டுக்கு எப்ப போறீங்க?"

"என்னடா நக்கலா?"

"நக்கல் இல்லக்கா. போறேன்னு ரெக்கார்டுல சொல்லியிருக்கீங்க. ஆடிட்ல யாராவது கேட்டா, ஆமா போயிட்டு வந்தாங்க, இதோ டிக்கெட்டுன்னு நான் காட்டணும்ல? கடைசி வெள்ளிக்கு இன்னும் வண்டி இருக்கு. லீவு நான் போட்டுத் தரேன்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மூணு நாள். ஹெட்போன் இல்லாமல். கன்னியாகுமரியில் காலை நனைத்துக்கொண்டு சும்மா நிற்கலாம். நாகர்கோவிலில் எந்த விடுதி என்று தேடிப் போகமாட்டேன், அது தப்பு. ஆனால் ஏதாவது ஒரு கடைத்தெருவில் புதுச் செருப்பு போட்ட ஒருத்தி எதிரில் வந்தால் அவளாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். களைப்பெல்லாம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கென்று நான் எங்கேயும் போய் எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, குக்கரை ஏற்றிவிட்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து போனில் டூரைத் தேடி எடுத்தேன். சென்னையிலிருந்து கிளம்பும் வண்டி, கடைசி வெள்ளி, ஒரு நபர். கார்டை எடுத்தேன். முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி மேல் வைத்தேன்.

சிவப்பு.

குங்குமம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

ஹாலில் தணிகைவேலின் போன் டிங் என்றது. கிரிக்கெட் கமென்டரியின் சத்தம் குறைந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விரல் வேர்த்திருந்தது, எனக்கே தெரிந்தது. யாருக்கு வேர்த்தது? எதற்கு? என் மனுஷர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இத்தனை வருஷம் என் கார்டில் போனதெல்லாம் பருப்பு, சோப்பு, அவருடைய பிரஷர் மாத்திரை, பையனுடைய ஃபீஸ். அதற்கெல்லாம் யார் பயப்படுவார்கள்?

"செம்பா, ஏதோ மண்டைக்காடுன்னு மெசேஜ் வருது. உன்னுதா?"

"ஆமா."

"தனியாவா?"

அவ்வளவுதான் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குக் காதில் கேட்டது.

"டூர் வண்டிதான். நெறைய பொம்பளைங்க வருவாங்க."

"ஓ." போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "சரி, ஓகே குடுத்துட்டேன். உன் இஷ்டம். மூணு நாளா? அந்த மூணு நாளும் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"ஆர்டர் போட்டுக்கங்க. உங்க கார்டு இருக்குல்ல."

"அதுவும் சரிதான்" என்றார். டிவிச் சத்தம் மறுபடியும் ஏறியது.

டிக்கெட் வந்துவிட்டது. என் பெயர், சீட் நம்பர், கிளம்பும் இடம், எல்லாம் இருந்தது. நான் அதை மூடிவிட்டு, செய்திகள் வருகிற பெட்டியைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். அவர் கார்டுக்கு ஓகே போடுகிறவள் நான். பைக் வாங்கினார், டிவி வாங்கினார், சிநேகிதர்களோடு கொடைக்கானல் போனார், என்னைக் கேட்காமல் அவர் தங்கைக்கு வளையல் வாங்கிக் கொடுத்தார். கார்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் கார்டிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ்கூட வந்திருக்கவில்லை.